கடைமடைக்குப் போகிறவர்களுக்கு

திருச்சியிலும் திருவரங்கத்திலும் பறவை பார்க்கக் கிளம்பும் இளைஞர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். கழுத்தில் பைனாகுலர், பையில் ஒரு நோட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் பைக். அவர்களில் சிலர் முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் போகவேண்டும், எப்படிப் போவது, என்ன பார்ப்பது என்று என்னிடம் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடுவது நல்லது என்று தோன்றியது. குழந்தை குட்டிகளோடு குடும்பமாகப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

கோயில்களுக்குப் போய்ப் பழகியவர்கள் நாம். கழிமுகம் நமக்குப் புதிது. அங்கே கோபுரம் இல்லை, சன்னதி இல்லை, இன்னதைப் பார்த்தால் முடிந்தது என்று ஒரு கணக்கும் இல்லை. முதல் பார்வைக்குச் சேறு, தண்ணீர், ஒரே மாதிரியான பச்சை. எதைப் பார்ப்பதென்று தெரியாமல் போனால் ஒரு மணி நேரத்தில் அலுத்துவிடும். தெரிந்துகொண்டு போனால் ஒரு நாள் போதாது.

1. முதலில் தண்ணீரின் வழியைப் பிடியுங்கள்.

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. வடக்கே கொள்ளிடம், தெற்கே காவிரி, நடுவில் திருவரங்கம். இது நம் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். பிரிந்த பிறகு அவை எங்கே போய் முடிகின்றன என்று கேட்டால் பெரியவர்களே யோசிக்கிறார்கள். கொள்ளிடம் பழையாறு அருகே கடலில் கலக்கிறது. அதற்கு வடக்கே, வெள்ளாற்று முகத்துவாரம் வரைக்கும் இடைப்பட்ட நிலத்தில் கிடக்கிறது பிச்சாவரம். அம்மா மண்டபத்துப் படிகளைத் தொட்டுக்கொண்டு போகும் காவிரியோ கல்லணையில் மறுபடி பிரிகிறது. அங்கே வெண்ணாற்றில் இறங்கும் தண்ணீர் நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்புக்கு வந்து வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகிறது. கோரையாறும் பாமணியாறும் தெற்கே இறங்கி முத்துப்பேட்டைக்குப் போகின்றன. கிளைதாங்கியாறு, மரக்காக்கோரையாறு, கந்தப்பரிச்சான் ஆறு என்று சின்ன ஆறுகளும் அங்கே வந்து சேர்கின்றன.

ஆக, திருவரங்கத்தின் இரண்டு பக்கமும் ஓடுகிற தண்ணீர் இரண்டு அலையாத்திக் காடுகளின் அருகே போய்க் கடலைத் தொடுகிறது. நாம் தலைமடை. அவை கடைமடை. கடைசி வயலுக்கும் கடைசி மதகுக்கும் அப்பால் இருக்கிற கடைமடை. இந்த உறவை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். மற்ற எல்லா அறிவுரையும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

முடிந்தால் தஞ்சாவூர், வடுவூர், மன்னார்குடி வழியாகப் போங்கள். வடுவூருக்கு ராமர் கோயிலுக்காகப் போய் வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அதே ஊரின் ஏரி 1999 முதல் பறவைகள் சரணாலயம். ஏரிக்கரையில் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போனால், நன்னீர்ப் பறவைகளுக்கும் உப்பங்கழிப் பறவைகளுக்கும் உள்ள வேறுபாடு அன்றைக்கே கண்ணில் படும்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படும். வயல்களுக்காக வைத்த கணக்கு அது. ஆனால் காட்டின் நாட்காட்டியும் ஏறக்குறைய அதுவே. ஆற்றில் நீர் வரும் மாதங்களிலும் வடகிழக்குப் பருவமழையிலும் கழியின் உப்பு குறையும். பிப்ரவரி தாண்டினால் ஏறும். மே மாதத்தில் கடலைவிடக் கரிக்கும் இடங்கள்கூட உண்டு.

வலசைப் பறவைகள் அக்டோபரில் வரத் தொடங்கி மார்ச் வாக்கில் திரும்புகின்றன. அக்டோபர், நவம்பர் மழையும் புயலும் பிடிக்கிற காலம். ஆகவே முதல் தடவை போகிறவர்களுக்கு டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி வரை நல்லது. கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று வானொலி சொன்னால், வண்டி பேசியிருந்தாலும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். வங்காள விரிகுடாவோடு பந்தயம் கட்டுவது வேண்டாம்.

3. அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள்.

முத்துப்பேட்டை ஏதோ ஒரு கடற்கரை இல்லை, வனத்துறையின் காப்புக்காடு. கோடியக்கரை சரணாலயம், வேதாரண்யம் பெருஞ்சதுப்பு, தலைஞாயிறு காப்புக்காடு ஆகியவற்றோடு சேர்த்து 38,500 ஹெக்டேர் பரப்பு 2002-ல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குக் கொடுக்கிற தகுதி அது. ஈரானில் ராம்சார் என்ற ஊரில் 1971-ல் கையெழுத்தான உடன்படிக்கையிலிருந்து வந்த பெயர். தமிழ்நாட்டில் இந்தத் தகுதி முதலில் கிடைத்தது இந்த இடத்துக்குத்தான். பிச்சாவரத்துக்கும் வடுவூருக்கும் அடுத்து கிடைக்க 2022 ஆயிற்று.

படகு ஜாம்புவானோடையிலிருந்து கிளம்பும். முன்கூட்டியே வனத்துறை அலுவலகத்தில் பேசி, அன்றைக்குப் படகு உண்டா, எத்தனை பேர் ஏறலாம், கட்டணம் என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதியில்லாமல் மீன்பிடிப் படகில் ஏற்றிச் செல்வதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாட்டிக்கொண்டால் உங்களுக்கு அபராதம். அந்த மனிதருக்கோ பிழைப்பே போகும். இன்றைக்கு முடியாது என்று வனக்காவலர் சொன்னால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சிபாரிசு தேடிப் போனை எடுக்காதீர்கள்.

4. வீட்டுப் பக்கத்தில் பழகிவிட்டுப் போங்கள்.

பைனாகுலரை வாங்கிப் படகில் ஏறிய பிறகு அதைத் திருகிப் பார்க்கிறவர்கள் உண்டு. அவர்கள் கண்ணில் பறவை படுவதற்குள் அது மறுகரை போய்விடும். ஆடுகிற படகிலிருந்து பறக்கிறதைப் பிடிப்பது பழக்கத்தால் வருவது. கொள்ளிடக் கரையில் நாலு காலைப்பொழுது நின்று பழகுங்கள். திருவெறும்பூர்ப் பக்கம் கிளியூர் ஏரி இருக்கிறது. அரியலூர் மாவட்டத்தில் கரைவெட்டி இருக்கிறது; அதுவும் 2024-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பத்துப் பறவைகளைச் சந்தேகமில்லாமல் அடையாளம் சொல்லத் தெரிந்தால் போதும்: கூழைக்கடா, நீர்க்காகம், கரண்டிவாயன், நத்தைகுத்தி நாரை, மடையான், சின்னக் கொக்கு, பவளக்கால் உள்ளான், ஆட்காட்டி, வெண்மார்பு மீன்கொத்தி, ஆலா. பதினோராவதை அந்த இடமே கற்றுக்கொடுக்கும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் பைனாகுலர் போதும். பத்துக்கு மேலே போனால் படகு ஆட்டத்தில் எல்லாம் கலங்கித் தெரியும்.

5. உடையும் உணவும்.

வெள்ளை, சிவப்பு, பளபளப்பு வேண்டாம். மங்கிய பச்சை, காக்கி, மண் நிறம். முழுக்கைச் சட்டை, தொப்பி. தண்ணீரிலிருந்து எதிரொளித்து வருகிற வெயில், கரையில் அடிக்கிற வெயிலைவிடக் கடுமை. சென்ட் போடாதீர்கள். செருப்பு காலோடு கட்டப்பட்டதாக இருக்கட்டும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரையை மிஞ்சியது எதுவும் இல்லை என்பது திருவரங்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழையிலையில் கட்டிக்கொள்ளுங்கள், அல்லது எவர்சில்வர் டப்பாவில். பிளாஸ்டிக் பொட்டலம், பாக்கெட் தண்ணீர், சிப்ஸ் உறை எதுவும் படகுக்குள் வரக்கூடாது. காற்று ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு போனால் திரும்ப எடுக்க முடியாது. மூச்சு வேர்களுக்கு நடுவில் சிக்கி ஆண்டுக்கணக்கில் கிடக்கும். குடிநீர் ஆளுக்கு இரண்டு லிட்டர். உள்ளே நல்ல தண்ணீர் கிடைக்காது.

இன்னொன்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும். காட்டுக்குள் போய்த் திரும்ப அரை நாள் ஆகும். கழிப்பறைக்கு ஊரிலேயே போய்விட்டுக் கிளம்புங்கள். வயதானவர்களையும் பெண்களையும் அழைத்துப் போகிறவர்கள் இதை முன்பே யோசித்து வையுங்கள்; கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இருந்து மயங்கி விழுவார்கள்.

6. படகோட்டிதான் உங்கள் ஆசான்.

புத்தகம் படித்தவர்கள் படகில் அதிகம் பேசுகிறார்கள். அங்கே பேசவேண்டியவர் படகோட்டி. “அண்ணே, இன்றைக்கு ஓதம் எப்படி?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டால் அரை மணியில் ஒரு பாடமே நடத்திவிடுவார். எந்தத் திருப்பத்தில் ஆழம் குறையும், எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் மீன் ஒதுங்கும், நீர்நாய் எங்கே கரையேறும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நீங்கள் சின்ன வயதுக்காரர்களாக இருந்தால் அண்ணே என்றோ ஐயா என்றோ கூப்பிடுங்கள். “டிரைவர்” என்று கூப்பிட்டால் பாடம் அங்கேயே முடிந்தது.

லைஃப் ஜாக்கெட்டைப் படத்துக்காக மாட்டிவிட்டுப் பிறகு கழற்றாதீர்கள். படகில் எழுந்து நிற்காதீர்கள், எல்லோரும் ஒரே பக்கம் சாயாதீர்கள். கையைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு வராதீர்கள். அடியில் கிடக்கும் ஆளிச் சிப்பியின் விளிம்பு பிளேடுபோல அறுக்கும். ஆறு அகன்று லகூனுக்குள் நுழைந்ததும் ஏதோ பெருங்கடலுக்கு வந்துவிட்டதாகத் தோன்றும். ஆனால் பெரும்பாலான இடத்தில் ஒரு மீட்டர் ஆழம்தான். அதனால்தான் படகு வளைந்து வளைந்து போகிறது. குறுக்கே போகச் சொல்லி அவசரப்படுத்தினால் சேற்றில் உட்கார்ந்துவிடும். மதியத்துக்கு மேல் காற்று எழும். வெயில் ஏறுமுன் பார்த்துவிட்டுத் திரும்பத் திட்டமிடுங்கள்.

நடுவில் ஒருமுறை இன்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் யாரும் பேசாமல் இருங்கள். அதுவரை இருந்தது உங்கள் சத்தம் என்று அப்போதுதான் தெரியும்.

7. பறவைக்கு முன்னால் மரத்தைப் பாருங்கள்.

பிச்சாவரம் பார்த்தவர்கள் முத்துப்பேட்டையில் ஏமாறுகிறார்கள். அங்கே குறுகிய கால்வாய்கள், இரண்டு பக்கமும் சுரபுன்னை வளைத்து இறக்கிய ஊன்று வேர்கள், சினிமாவில் பார்த்த காட்சி. இங்கே அது இல்லை. காட்டின் பெரும்பகுதி அலையாத்தி என்கிற வெண்கண்டல். நரிக்கண்டல், தில்லை, கழுதைமுள்ளி, உமரி ஆகியவை ஓரங்களில். ஒரே மரம் இவ்வளவு தூரம் பரவியிருப்பதற்குக் காரணம் உப்பு. மற்றவை தாங்காத உப்பை இது தாங்குகிறது.

எப்படித் தாங்குகிறது என்பதைக் கண்ணால் பார்க்கலாம். படகோட்டி காட்டித் தரும் கிளையில் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். வெயில் நேரத்தில் பொடிப்பொடியாக உப்பு பூத்திருக்கும். வேர் உள்ளே விட்டுவிட்ட உப்பை இலை வெளியே தள்ளுகிறது. கீழே சேற்றிலிருந்து விரல் நீளத்தில் ஆயிரக்கணக்கான குச்சிகள் மேல்நோக்கி நிற்கும். அவைதான் மூச்சு வேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது. அங்கே வரும் அழுகிய முட்டை நாற்றம் அதற்குச் சாட்சி. யாரோ கழிவைக் கொட்டியதால் வருவதில்லை. வேர் மேலே தலைநீட்டிச் சுவாசித்துவிட்டுப் போகிறது. விதையையும் கவனியுங்கள். காய்க்குள்ளேயே முளை தயாராகிவிடுகிறது. விழுந்தால் மிதக்கும், சேறு கிடைத்த இடத்தில் ஊன்றும். அலை அடிக்கிற இடத்தில் நிலத்தில் விழுந்து முளைக்கக் காத்திருக்க நேரமில்லை.

தெரியாத இலையைக் கிள்ளாதீர்கள். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் எரிந்து, சிறிது நேரம் பார்வையே மறையும். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த மரம் என்ற பக்தியில் கிளையை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவர நினைக்கும் மாமிகளுக்கு இதை முன்பே சொல்லிவிடுங்கள்.

8. சேற்றில் இறங்காதீர்கள்.

படத்துக்காக ஒரு குதி, அவ்வளவுதானே என்று தோன்றும். முழங்கால் வரை இறங்கும். நீங்கள் மிதித்து ஒடிக்கும் ஒவ்வொரு குச்சியும் ஒரு மரத்தின் மூக்கு. வனத்துறை போட்டிருக்கும் நடைபாதையில் நின்று குனிந்து பார்த்தாலே போதும். ஒரு கையை மட்டும் பெரிதாக வைத்துக்கொண்டு ஆட்டிக் காட்டும் நண்டு, தண்ணீரை விட்டு வெளியே வந்து செவுளில் ஈரத்தை வைத்துக்கொண்டு துள்ளித் திரியும் சேற்று மீன், வேரில் ஒட்டிய நத்தை. பத்து நிமிடம் அசையாமல் இருந்தால், உங்கள் காலடிச் சத்தத்துக்கு வளைக்குள் போனதெல்லாம் திரும்ப வெளியே வரும்.

இந்தச் சேற்றுக்கு ஒரு வேலை இருக்கிறது. கடலில் பொரிந்த வெள்ளை இறாலின் குஞ்சுகள் கழிக்குள் வந்து வளர்ந்துவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றன. கொடுவாவும் மடவையும் இங்கே இரை தேடுகின்றன. உதிர்ந்த இலை மக்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகி, நண்டுக்குப் போய், மீனுக்குப் போய், கூழைக்கடா வரைக்கும் போகிறது. சேறு என்று முகம் சுளிக்கிற பிள்ளையிடம் இந்த வரிசையைச் சொல்லுங்கள்.

9. பறவையை எழுப்பாதீர்கள்.

பூநாரைக் கூட்டம் ஒன்றாக எழும்பிப் பறப்பது அழகுதான். அதைப் படம் பிடிக்க வேண்டுமென்று படகை நேரே கூட்டத்துக்குள் விடச் சொல்வது பாவம். அது தலையைக் கவிழ்த்து அலகால் தண்ணீரைச் சலித்துச் சாப்பிடுகிற பறவை. நாள் முழுக்கச் சலித்தால்தான் வயிறு நிறையும். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அதன் சாப்பாட்டு நேரத்தில் ஒரு பகுதி போகிறது.

கொசு உள்ளானைப் பாருங்கள். ஏறத்தாழ 25 கிராம். வட துருவத்தை ஒட்டிய சைபீரியச் சமவெளியில் முட்டையிட்டுவிட்டு இந்தச் சேற்றுக்கு வருகிறது. திரும்பிப் போகத் தேவையான கொழுப்பை இங்கே தின்றுதான் சேர்க்கவேண்டும். உங்களுக்குப் பயந்து பறந்த ஒவ்வொரு பறத்தலும் அந்தச் சேமிப்பிலிருந்து கழிகிறது. பறவை தலைதூக்கி உங்களைப் பார்க்கத் தொடங்கினால் அதுதான் எல்லை. அங்கே நிறுத்துங்கள். டிரோன் கொண்டுபோகவே வேண்டாம்.

கோடியக்கரையின் முக்கியத்துவத்தை 1960-களில் உலகத்துக்குச் சொன்னவர் சாலிம் அலி. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்குக் கால் வளையம் மாட்டி வருகிறது. வளையமோ வண்ணக் கொடியோ மாட்டிய பறவையைப் பார்த்தால் எந்தக் காலில், என்ன நிறம், என்ன எழுத்து, எத்தனை மணிக்கு, எந்த இடம் என்று எழுதிக்கொண்டு வந்து கழகத்துக்கு அனுப்புங்கள். ஆரம்பக்காரரும் ஆராய்ச்சிக்கு உதவக்கூடிய இடம் இது.

10. அது பலருக்குப் பிழைப்பிடம்.

காட்டுக்குள் மனிதரே இருக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். கரையோர ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகக் காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஓதத்தோடு ஏறிவரும் மீனை வடியும்போது பிடிக்கிறார்கள். வலை உலர்த்தியிருந்தால் சுற்றிப் போங்கள், தாண்டிப் போகாதீர்கள். முகத்துக்கு நேரே போனை நீட்டுமுன் கேளுங்கள். பிடித்த மீனைப் பார்த்துவிட்டு “அய்யோ, பாவம்” என்று நீங்கள் சைவர் என்பதை அங்கே நிலைநாட்ட வேண்டாம். அவர்கள் பட்ட பாட்டில்தான் பலர் வீட்டு அடுப்பு எரிகிறது.

ஜாம்புவானோடையில் பெயர் பெற்ற தர்கா இருக்கிறது. எல்லா மதத்தாரும் வருகிறார்கள். கந்தூரி நாட்களில் ஊர் நிரம்பி வழியும். படகுக்குப் போகிற அவசரத்தில் அங்கே ஹாரன் அடித்துக்கொண்டு போகாதீர்கள். நம் சித்திரைத் தேரின்போது வெளியூர்க்காரர் அப்படிச் செய்தால் நமக்கு எப்படியிருக்கும்!

11. அடிபட்ட கதையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கூட்டம் கூட்டமாகக் காய்ந்து நிற்கும் மரங்களைக் கண்டால் “பராமரிப்பே இல்லை” என்று சொல்லிவிடுவீர்கள். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தது. டெல்டாவில் தென்னைகள் சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அதே இரவில் அலையாத்திகள் இலை உதிர்ந்து, முறிந்து, ஏராளமாகச் செத்தன. ஊரைத் தாக்க வந்த காற்றில் ஒரு பங்கை அவை வாங்கிக்கொண்டன.

அதற்கு முன்னும் ஒரு காயம் உண்டு. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து 1970-கள் வரை விறகுக்காகப் பகுதி பகுதியாகக் காட்டை முழுசாக வெட்டினார்கள். மறைப்பில்லாத சேறு வெயிலில் காய்ந்து சுருங்கி நடுவில் பள்ளமாயிற்று. பள்ளத்தில் நின்ற கடல்நீர் வற்றி வற்றி உப்பு கெட்டிப்பட்டது. அங்கே விதை விழுந்தும் முளைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மருந்து கண்டார்கள்: ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் சின்ன வாய்க்கால்கள், மீன்முள் போல. ஓதம் உள்ளே வந்து போகத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது. வாய்க்கால் கரைகளில் நட்டது பிடித்தது. படகில் போகும்போது வரிசையாக வளர்ந்த மரங்களைப் பார்த்தால் அது அந்த வேலை. காடு தானே பிழைக்கும் என்பதும் மனிதன் தொட்டால் கெடும் என்பதும் பாதி உண்மைகள்.

12. ஒரு நாள் கூட்டிக்கொண்டு கோடியக்கரையும் போங்கள்.

வேதாரண்யத்தில் தங்கி விடிகாலையில் போவது சரி. 1967-ல் சரணாலயமான இடம். வெட்டவெளிப் புல்லில் வெளிமான்கள் நிற்கும். முறுக்கிய கொம்பும் கரிய முதுகும் ஆணுக்கு. காட்டுக்குதிரைகள் என்று அங்கே காட்டுவார்கள். அவை வளர்ப்புக் குதிரைகளின் வழி வந்தவை. புல்லுக்கு மானோடு போட்டி போடுகின்றன. புல்வெளிக்குள் சீமைக்கருவேலம் ஏறியிருப்பதையும் பாருங்கள். பொன்னியின் செல்வன் படித்தவர்கள் பூங்குழலியையும் புதைசேற்றையும் தேடுவார்கள். தேடட்டும், ஆனால் அடையாளப் பலகை தாண்டிப் போகவேண்டாம். சதுப்பு கதையில் மட்டும் இல்லை.

திருச்சிக்காரர்களுக்கு அங்கே இன்னொரு சொந்தமும் உண்டு. 1930 ஏப்ரல் 13 அன்று ராஜாஜி உப்பு யாத்திரையைத் திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜனின் வீட்டிலிருந்துதான் தொடங்கினார். ராஜன் நம் திருவரங்கத்தில் பிறந்தவர். 15 நாள் நடந்து வேதாரண்யம் சேர்ந்து, ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளினார்கள். நாம் காரில் மூன்றரை, நாலு மணி நேரத்தில் கடக்கும் தூரம் அது. வழியில் உப்பு யாத்திரையின் நினைவுத்தூண் அருகே இறங்கி, உப்பளப் பாத்திகளையும் பாருங்கள். ஆலாக்களும் உள்ளான்களும் அங்கேயும் இரை தேடும்.

13. ஊருக்குத் திரும்பியதும் வேலை இருக்கிறது.

ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபத்தில் காப்பரிசியும் காதோலை கருகமணியும் விடுவது நம் வழக்கம். விடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அவற்றைச் சுற்றிக் கொண்டுவந்த பிளாஸ்டிக் பையை யார் விடச் சொன்னது? பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் அவிழ்த்துவிடுவதை எந்த சாஸ்திரம் கேட்டது? மதகுகளில் தேங்கியது போக மிச்சம் கடைமடைக்குத்தான் போகிறது. மூச்சு வேரில் சிக்கிய பையைப் பார்த்துவிட்டு வந்தவர் படித்துறையில் பையை விடமாட்டார். விடுகிற பக்கத்து வீட்டு மாமாவிடம் மரியாதையாக எடுத்துச் சொல்லவும் கற்றுக்கொள்ளுங்கள்.

14. கோடையில் ஒருமுறை போங்கள்.

ஜனவரியில் யாருக்கும் பிடித்துவிடும். மே மாதம் போய்ப் பாருங்கள். வலசை வந்தவை போயிருக்கும். ஆற்றில் வரத்து நின்றிருக்கும். கரையோரச் சேறு வெள்ளை பூத்து வெடித்திருக்கும். உப்பு ஏறிய பகுதியில் மரங்கள் குட்டையாக நிற்கும். ஆற்றுநீர் எட்டுகிற ஓரத்தில் உயர்ந்து அடர்ந்திருக்கும். நன்னீர் எதுவரை வந்தது என்பதை மரங்களின் உயரத்திலேயே படிக்கலாம். அந்த ஒரு காட்சிக்காக வெயிலில் வாடலாம்.

15. கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்று சொல்லாதீர்கள்.

2018 ஆகஸ்டில் வெள்ளம் வந்து முக்கொம்பில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்தபோது, ஊர் முழுக்க ஒரே பேச்சு: இவ்வளவு தண்ணீரும் வீணாகக் கடலுக்குப் போகிறதே. வயல் காய்ந்தவரின் வயிற்றெரிச்சல் அது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஏரி குளங்களைத் தூர்வாரி வெள்ளத்தைத் தேக்கவேண்டும் என்பதும் நியாயம். ஆனாலும் அந்தக் கணக்கில் ஒரு பங்குதாரரை விட்டுவிடுகிறோம். கழியின் உப்பைக் குறைப்பது அந்தத் தண்ணீர். மரங்கள் ஊன்ற வண்டல் கொண்டுவருவது அந்தத் தண்ணீர். மணல் மூடிய முகத்துவாரத்தை உடைத்துத் திறப்பதும் அதன் வேகம்தான். முகத்துவாரம் அடைத்தால் ஓதம் உள்ளே வராது, இறால் குஞ்சு வராது, மீனவர் வலையில் ஒன்றும் ஏறாது. அடுத்த புயலுக்கு முன்னால் நிற்கக் காடும் இராது.

அடுத்த வெள்ளத்தில் கொள்ளிடம் பாலத்தில் நின்று யாராவது “வீணாப் போகுது” என்றால் வாதாடாதீர்கள். கேட்கிற மனநிலையில் இருக்கமாட்டார்கள். பெயரையும் போன் நம்பரையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஜனவரியில் படகில் ஓர் இடம் அவருக்காகச் சேர்த்துச் சொல்லுங்கள்.